பதினொன்றாம் அறையின் ஜெர்மன்

லண்டனுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் எனக்கு ஜெர்மன் தெரியும் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் இருந்தோம். கணவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். எனக்கு வேலை வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும் என்றார்கள். கவுன்சில் நடத்திய வகுப்புக்குப் போனேன். ஆசிரியை ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டால் என் வாயில் முதலில் ஜெர்மன் சொல்தான் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு ஆங்கிலச் சொல்லைத் தேடுவேன். அதற்குள் ஆசிரியை அடுத்தவரிடம் போய்விடுவார்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பலரைப்போல நானும் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கே போனவள். அங்கிருந்து என்னைத் தெற்கே ஒரு சிறிய ஊருக்கு அனுப்பினார்கள். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். அதை எல்லோரும் ‘ஹைம்’ என்றார்கள், இல்லம் என்று அர்த்தம். நானும் இன்னும் மூன்று பெண்களும் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தோம். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. வேலை செய்யக் கூடாது. அகதி வழக்கு முடியாதவர்களுக்கு மொழி வகுப்பும் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கேட்பார்: “மூன்று வருடமாக இங்கே இருக்கிறாய். இன்னும் ஒழுங்காகப் பேச வரவில்லையா?” பாண் கடையிலும் அதையேதான் கேட்டார்கள். எங்கே படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் அந்த மொழியைப் பிடித்தது ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில். களவாகச் செய்த வேலை. சட்டி கழுவுவேன், உருளைக்கிழங்கு உரிப்பேன். முதலாளி கெட்டவர் இல்லை. என்னோடு பேசும்போது மட்டும் தன் மொழியை உடைத்து உடைத்துப் பேசுவார். “நீ கழுவுதல். நாளைக்கு நீ வருதல். இப்போது நீ வீடு.” தன் மனைவியோடு அப்படிப் பேசமாட்டார். எனக்கு விளங்க வேண்டுமே என்று செய்த உதவி அது. அதுதான் ஜெர்மன் என்று நானும் பிடித்துக்கொண்டேன். தமிழில் இருப்பதுபோல அந்த மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. ‘டூ’ என்றால் நீ. ‘ஸீ’ என்றால் நீங்கள். அங்கே என்னை ஸீ என்று அழைத்த ஒருவர்கூட நினைவில் இல்லை. அதனால் ஸீ போட்டுப் பேசும் பேச்சு என்னிடம் சேரவே இல்லை.

வழக்குத் தோற்றது. அதே நேரத்தில் லண்டனிலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. ஓம் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொன்னேன்.

வேலைக்கு வழி கிடைத்தது ஆர்ச்வே முருகன் கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற அக்கா தான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். கோயிலிலிருந்து ஒரு பஸ் தூரம்.

“அங்கை இருக்கிற கிழடுகள் முழுக்க ஜெர்மன்தான் கதைக்குதுகள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கிறேல்லை,” என்றார்.

“எனக்குக் கொஞ்சம் தெரியும்,” என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். “மெய்யே? அப்ப நாளைக்கே வாரும். உடனை எடுப்பினம்.”

போருக்கு முன்னால் வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் தப்பி வந்த யூதர்களுக்காகத் தொடங்கிய இல்லம் அது. வந்தபோது இளைஞர்களாக இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஜெர்மன் பேசுவாயா என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் என்றேன்.

“இவர்கள் ஐம்பது வருடம் ஆங்கிலம் பேசினார்கள்,” என்றார். “வயது போகப் போக அது கழன்றுவிடுகிறது. பிறகு ஜெர்மன் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் அது தெரிந்த ஒருவர் வேண்டும்.”

மறுநாள் இரண்டாம் மாடியில் வேலை தொடங்கினேன். அங்கே இருந்தவர்களும் அந்த இடத்தை ‘ஹைம்’ என்றுதான் சொன்னார்கள்.

முதல் நாள் காலை பதினொன்றாம் அறைக்கு அனுப்பினார்கள். வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்ட, மெலிந்த அம்மா ஒருவர் சன்னலோரம் இருந்தார். வியன்னாக்காரர். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், “நீ வா. நீ குளித்தல்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்த ஜெர்மனை உங்களுக்கு யார் கொடுத்தது?”

“ஜெர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் படித்தேன்.”

“திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் ஜெர்மனில் எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் சொன்னார். கோபமாகவும் இல்லை. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாடியில் ஒருவரையும் ‘டூ’ என்று சொல்லக் கூடாது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் இருபது வருடம் பழகியும் ‘ஸீ’தான் சொல்கிறார்கள் என்றார். என்னைவிட ஐம்பது வயதுக்கு மேல் மூத்த மனுசியை நான்கு நாளாக நீ, வா, போ என்று கூப்பிட்டிருக்கிறேன். தமிழில் என்றால் நாக்கு கூசியிருக்கும். ஜெர்மனில் எனக்கு அப்படி ஒன்றும் கூசவில்லை.

நூல்நிலையத்தில் ஒரு பாடப் புத்தகம் எடுத்தேன். ரயிலில் வாசித்தேன். செவன் கிங்ஸிலிருந்து ஆர்ச்வேக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு மாதத்தில் ஸீ போட்டுப் பேசத் தொடங்கினேன். பதினொன்றாம் அறை அம்மா இப்போது பதில் சொன்னார். பிழை விட்டால் நிறுத்தித் திருத்துவார். என்னை ‘ஷ்வெஸ்டர்’ என்பார். சகோதரி என்று அர்த்தம், தாதியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கிய நாள் முதலே என்னை ஸீ என்றுதான் சொன்னார். ஜெர்மன் பேசும் ஒருவர் என்னை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். கவனித்தேன், அவ்வளவுதான். அந்த வருடங்களில் எனக்கு எதுவும் உடனே உள்ளே போவதில்லை.

வீட்டில் கணவர் ஒருநாள் கேட்டார்: “ஜெர்மன்காரரோடையே வேலை?”

“அவை ஜெர்மன்காரர் இல்லை. ஜெர்மன்காரர் துரத்திவிட்டவை.”

“அப்ப ஏன் இன்னும் ஜெர்மன் கதைக்கினம்?”

“அவையின்ரை பாஷை அதுதானே.”

அவர் சப்பாத்தை மாட்டினார். “நல்லாத் துரத்தினாங்கள் போ,” என்று சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

முதல் வருடம் அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் இருந்தது. சில நேரம் பழைய கதை சொல்வார். லண்டனில் வந்து இறங்கியபோது அவர்கள் கையில் ஒரு தாள் கொடுத்தார்களாம். தெருவில் ஜெர்மன் பேசவேண்டாம், உரத்துப் பேசவேண்டாம், பஸ்ஸில் ஜெர்மன் பத்திரிகை வாசிக்கவேண்டாம் என்று அதில் இருந்ததாம். சொன்னவர்களும் அவர்களுடைய ஆட்கள்தான், பாதுகாப்புக்காகச் சொன்னது. “நான் அதை வீட்டுக்குள்ளேயும் செய்தேன்,” என்றார். மகள் பிறந்தபோது அவளோடு ஆங்கிலம் மட்டும் பேசுவது என்று முடிவெடுத்தாராம். அப்போது அவருக்கு ஆங்கிலம் வந்து நான்கு வருடம்தான். தாலாட்டுக்கூடப் பாடவில்லை. தெரிந்ததெல்லாம் ஜெர்மன் பாட்டு.

அந்த மகளுக்கு நான் பார்க்கும்போது ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் திராட்சை வாங்கிக்கொண்டு வருவார். மழைக்கோட்டைக் கழற்றாமலே கட்டிலின் நுனியில் இருப்பார். இரண்டாம் வருடம் அம்மாவின் ஆங்கிலம் கழலத் தொடங்கியது. முதலில் பொருட்களின் பெயர்கள் போயின. பிறகு கேள்விகள் போயின. ஒரு ஞாயிறு மகள் ஒரு மணி நேரம் இருந்து ஆங்கிலத்தில் பேசினார், அம்மா ஒரு மணி நேரமும் ஜெர்மனில் பதில் சொன்னார். மகள் வெளியே வந்து என்னைப் பிடித்தார்.

“உனக்கு இவருடைய மொழி தெரியும் என்றார்கள்.”

“கொஞ்சம்.”

“எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தேன். ஜெர்மன் எடுக்க அம்மா விடவில்லை. உள்ளே வந்து என்ன சொல்கிறார் என்று சொல்வாயா?”

போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினைந்து நிமிடம் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன். வியன்னாவில் பிறந்த தாயும் லண்டனில் பிறந்த மகளும் பேசிக்கொள்ள ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் நிற்கவேண்டியிருந்தது. அதை விசித்திரம் என்று அப்போது நினைக்கவில்லை. நேர அட்டவணையில் அதுவும் ஒரு வேலை.

மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஜெர்மனியில் என் விசாரணையின்போது இருந்த மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டார். அதிகாரி கேட்டதையும் குறைத்துத்தான் சொன்னார். எனக்கு உதவி செய்வதாக அவர் நினைத்திருக்கலாம். அதனால் நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒருநாள் அம்மா மகளைக் காட்டி, “இந்தச் சீமாட்டி ஒவ்வொரு ஞாயிறும் எதற்கு வருகிறார்? இவருக்கு வீடு இல்லையா?” என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தார். அப்படியே சொன்னேன்.

மகள் மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “நான் உங்கள் மகள் என்று சொல்,” என்றார்.

சொன்னேன். அம்மா மகளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி,” என்றார், ஸீ போட்டு. அதையும் சொன்னேன். அந்த ஸீயை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்.

அதற்கு அடுத்த வருடம் மாரிகாலத் தொடக்கத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். யாரோ கொழும்புக்குக் கையில் கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார்கள். என் அக்காவின் எழுத்து. காய்ச்சல், மூன்று நாள், ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கவில்லை, அம்மா போய்விட்டா. எட்டுக் கிழமைக்கு முந்தியே எழுதிய கடிதம். செத்த நாளை அக்கா எழுதவில்லை. அந்த அவசரத்தில் மறந்திருப்பார். குசினியில் நின்றபடியே வாசித்தேன். ஷிப்ட் முடித்து வந்த கணவர் நித்திரையில் இருந்தார். கடிதத்தை மடித்துக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

பத்து மணிக்குப் பதினொன்றாம் அறைக்குக் கோப்பி கொண்டுபோனேன். பால் வைக்க மறந்திருந்தேன். அறையிலிருந்த அம்மா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன, ஷ்வெஸ்டர்?”

“என் அம்மா இறந்துவிட்டார்,” என்று ஜெர்மனில் சொன்னேன்.

அதை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதிலும் பிழை இருந்தது. இறந்துவிட்டார் என்பதற்கு அந்த மொழியில் இரண்டு சொற்கள் சேர்ந்து வரவேண்டும். முதற்சொல் ‘இஸ்ட்’ என்று வரவேண்டிய இடத்தில் நான் ‘ஹாட்’ என்றேன். குசினி ஜெர்மன்.

“இஸ்ட்,” என்று அவர் திருத்தினார். பிறகு கதிரையின் கைகளைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். எழுவதற்கு அவருக்கு வழக்கமாக இருவர் வேண்டும். என் கையைப் பிடித்துக் குலுக்கி, துக்க வீட்டில் சொல்லவேண்டியதைச் சொன்னார். பிறகு இருந்து கோப்பியைக் குடித்தார்.

அரைமணி நேரத்தில் கோப்பையை எடுக்கப் போனேன். “உங்களுக்கு என்ன, ஷ்வெஸ்டர்?” என்று கேட்டார். மறந்துவிட்டார். மறுபடி சொன்னேன். பழக்கத்தில் மறுபடி ‘ஹாட்’ வந்தது. மறுபடி திருத்தினார். மறுபடி எழுந்து நின்று கை கொடுத்தார்.

அன்றைக்கு ஏழு தரம் சொன்னேன். என் முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, அறைக்குள் போகும் ஒவ்வொரு தரமும் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. நான்காம் தரம் ‘இஸ்ட்’ சரியாக வந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் வேறு கேட்கத் தொடங்கினார். எத்தனை வயது? எந்த வருத்தத்தில் போனார்? அடுத்த தரம், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதற்கடுத்த தரம், நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இப்படித் துண்டு துண்டாக அந்திக்குள் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். சொல்லும்போது வினைச்சொல் கடைசியில் வருகிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது. கண் நனையவில்லை. ஆறு மணிக்குப் படுக்கை விரிப்புகளை மாற்றிவிட்டு வெளிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் இருந்தார். வேலைக்குப் போகவில்லை.

“காலமையே வந்தது?”

“ஓம்.”

“என்னை எழுப்பியிருக்கலாமெல்லே.”

“விடிய வந்துதானே படுத்தனீங்கள்.”

அவர் அழுதார். என் அம்மாவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கலியாணப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா எழுதிய ஒரு கடிதம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். நான் சோறு போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு லீவு எடுத்து ஆர்ச்வே கோயிலுக்குப் போனோம். ஐயர் என்ன திதி என்று கேட்டார். தெரியாது என்றேன். “நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம், பிள்ளை,” என்றார். சரி என்றேன். அமாவாசை எப்போது வருகிறது என்று கணவர் நாட்காட்டியில் பார்த்தார்.

நான் இல்லாத அந்த ஞாயிறு மகள் வந்து போயிருக்கிறார். அதற்கடுத்த ஞாயிறு என்னை நடையில் மறித்து, கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“போன ஞாயிறு நான் இருந்த நேரம் முழுக்க அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப. எனக்குக் கேட்டபடி எழுதி வைத்தேன். என்ன இது?”

வாசித்தேன். ஈரெ மூட்டர் இஸ்ட் கெஷ்டோர்பன். அது என் வசனம். ‘என்னுடைய’ என்ற இடத்தில் ‘அவளுடைய’ என்று மாற்றியிருந்தது. ‘இஸ்ட்’ சரியாக இருந்தது. அரைமணி நேரம்கூட எதுவும் நிற்காத அந்தத் தலையில் அது ஒரு கிழமை நின்றிருக்கிறது.

“அவளுடைய தாய் இறந்துவிட்டார்,” என்றேன்.

“யாருடைய தாய்?”

என்னுடைய தாய் என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அதைவிட எளிய வசனம் இல்லை, வகுப்பில் முதல் மாதம் படிப்பித்தது. ஆனால் அதை அதுவரை நான் ஆங்கிலத்தில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மேற்பார்வையாளருக்குக்கூடத் தெரியாது, லீவுக்கு வேறு காரணம் எழுதியிருந்தேன். சொன்னால் மகள் ஐயோ என்பார், தோளில் கை வைப்பார், நான் அதற்கு ஒரு முகம் காட்டவேண்டும். என்னிடம் அந்த முகம் இருக்கவில்லை.

“அவருடைய தாய்?” என்று மகளே கேட்டார். “என் அம்மம்மா?”

“ஓம்,” என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். தன் அம்மம்மா வியன்னாவில் தங்கிவிட்டார் என்றும், பிறகு ஒரு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். “என் வாழ்நாளில் ஒரு தரம்கூட அம்மா அதைப்பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டால் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுவார். ஐம்பது வருடம்.” அவர் நடையில் நின்று அழுதார். நான் திசுப் பெட்டி எடுத்துவந்து கொடுத்தேன்.

கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்றிருந்தவள் ஒரேயொரு ஓம் சொல்லி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அன்று ரயிலில் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஜெர்மனில் ‘அவளுடைய’ என்பதற்கும், மரியாதையாக ‘உங்களுடைய’ என்பதற்கும் ஒரே ஒலிதான். அந்த அம்மா மகளை ஸீ என்றே அழைத்தவர். ஆகவே மகளை நேரே பார்த்து, “உங்களுடைய தாய் இறந்துவிட்டார்,” என்று சொன்னதாகவும் அது இருக்கலாம். அதையும் நான் மகளிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த முறை மகள் சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்தார். தொப்பி போட்ட இளம்பெண், அம்மம்மாவாம். வீட்டில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததாம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா அதை நீண்ட நேரம் பார்த்தார்.

“யார் இந்தப் பெண், ஷ்வெஸ்டர்?”

“உங்கள் அம்மா.”

“இல்லை,” என்றார். “அவருக்கு இப்போது நிறைய வயதாகியிருக்கும்.”

மகள் என்னைப் பார்த்தார். அதை மட்டும் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அதைக் கேட்டும் அவர் அழுதார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மகள் வரும்போது கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவத் தொடங்கினார். அவசரமில்லாமல் இருந்துவிட்டுப் போனார். என்னை உள்ளே கூப்பிடுவதும் குறைந்தது.

பெப்ரவரியில் அந்த அம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஐந்தாம் நாள் போய்விட்டார். அன்று என் ஷிப்ட் இல்லை. மறுநாள் வந்தபோது அறை துடைத்திருந்தது, சன்னல் திறந்திருந்தது.

தகனச்சாலைக்கு மேற்பார்வையாளரும் நானும் போனோம். முப்பது பேர் இருக்கும். மகள் எழுதி வைத்து வாசித்தார். தன் தாய் இரண்டு மொழியில் மௌனமாக இருந்தவர் என்றார். கடைசி மாதங்களில் மட்டும் அவர் தன் தாயைப்பற்றிப் பேசினார், அந்தத் துக்கத்தை ஐம்பது வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னார், அதை எனக்கு விளங்கச்செய்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்று சொல்லிக் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் என் கையைத் தட்டினார். மடியில் இருந்த கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்காக யாரோ நிறையப் பேர் வந்து இருப்பதுபோலவும் ஒரு நினைப்பு வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் மகள் என்னோடு வந்து நின்றார்.

“வசந்தத்தில் வியன்னாவுக்குப் போகப்போகிறேன்,” என்றார். “அம்மம்மா இருந்த தெருவைப் பார்க்கவேண்டும். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இந்த வயதில்.”

“நல்லது,” என்றேன். பிறகு, “நான் ஒன்று சொல்லவேண்டும்,” என்று தொடங்கினேன்.

“சொல்.”

பஸ் வந்தது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. “ஒருவரையும் டூ என்று சொல்லாதீர்கள். ஸீ சொல்லுங்கள்,” என்றேன். அவர் சிரித்து, எழுதி வைக்கிறேன் என்றார்.

மே மாதம் இல்லத்தின் முகவரிக்கு எனக்கு ஓர் அட்டை வந்தது. தெருவைக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தார். அந்த இலக்கத்தில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறாராம். மூலையில் இருந்த கடையில் ஜெர்மனில் கோப்பி கேட்டாராம். பரிசாரகர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாராம். மறுபடி ஜெர்மனில் கேட்டாராம். மறுபடி ஆங்கிலம்.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கணவர் படத்தைப் பார்த்தார். “ஆர் போட்டது?”

“வேலையிலை தெரிஞ்ச ஒராள்.”

“உமக்கு நல்லாப் பழக்கமோ?”

“அவவின்ரை தாயைப் பாத்தனான்,” என்றேன்.

அங்கே இன்னும் மூன்று வருடம் வேலை செய்தேன். மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போக, புதிதாக வந்தவர்கள் ஆங்கிலத்தோடு வந்தார்கள். ஒருநாள் மேற்பார்வையாளர், இனி ஜெர்மன் தேவைப்படாது, ஆனால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார். பிறகு ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்குக் கிட்ட ஓரிடத்தில் சேர்ந்தேன். மகளின் முகவரி என்னிடம் இருந்தது. இரண்டு தரம் எழுதத் தொடங்கி, முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அம்மாவின் திவசத்தை வருடாவருடம் அமாவாசையில்தான் செய்கிறோம்.